இழப்பீடு வழங்கப்பட்டது என்றால், யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் அடிமை முறை ஒழிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். உழைத்து எழுதிய கட்டுரை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு வரி: "1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது, 2 கோடி பவுண்டு இழப்பீடும் வழங்கப்பட்டது." ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பரவாயில்லப்பா, தப்பு பண்ணினாலும் காசு கொடுத்துட்டாங்க" என்றாள். அவள் மேல் தவறே இல்லை. அந்த வரியைப் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நடந்தது நேர்மாறு. அந்தப் பணம் முழுக்க அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது. 'சொத்து' கைவிட்டுப் போகிறதே, அதற்கு ஈடு! அடிமைகளாக இருந்த சுமார் 8 லட்சம் பேருக்குக் காலணா கிடைக்கவில்லை. அதோடாவது விட்டார்களா? 1834 ஆகஸ்டில் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும், கரீபியன் தீவுகள் போன்ற பிரிட்டிஷ் காலனிகளில் பெரும்பாலான இடங்களில், தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பழைய முதலாளியிடமே கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. 1838 வரை இது தொடர்ந்தது. அதற்கு அரசு வைத்த பெயர் 'தொழில் பழகுதல்'. நினைவு தெரிந்த நாளிலிருந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு அங்கே யார் என்ன தொழிலைப் பழக்கினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளிகளுக்குக் கொடுக்க வாங்கிய கடனை பிரிட்டன் முழுதாக அடைத்தது 2015-இல். அடிமைகளின் வம்சத்தில் வந்து அந்த நாட்டில் குடியேறியவர்கள் கட்டிய வரியும் அந்தக் கடனுக்குத்தான் போயிருக்கிறது. (கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவே இல்லை என்பது தனிக் கதை.)

உங்கள் வரியில் பொய் எதுவும் இல்லை. ஆண்டு சரி, தொகை சரி. ஆனால் 'வழங்கப்பட்டது' என்ற அந்த ஒரு சொல், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று மார்க்குக்காகப் படித்தது, வரலாற்றில் இவ்வளவு வேலை செய்யும் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. 'அடிமைகள் கொண்டுவரப்பட்டனர்' என்று எழுதுகிறோம். யார் கொண்டுவந்தது? ஆப்பிரிக்கக் கரைகளில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அக்கரை போய்ச் சேரவே இல்லை. அவர்களில் உழவரும் கொல்லரும் தாய்மாரும் குழந்தைகளும் இருந்தார்கள். அடிமையாகப் பிறந்தவர்களைக் கொண்டுபோனது போலத்தான் நம் வாக்கியம் சொல்கிறது.

'கண்டுபிடித்தார்' என்பதும் அப்படித்தான். தமிழில் தொலைந்த சாவியையும் கண்டுபிடிக்கிறோம், புதுக் கருவியையும் கண்டுபிடிக்கிறோம், கொலம்பஸ் அமெரிக்காவையும் கண்டுபிடித்தார். 1492 அக்டோபர் 12 அன்று அவர் போய் இறங்கிய தீவில் அவரைப் பார்த்துக்கொண்டு மனிதர்கள் நின்றார்கள். அந்தத் தீவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் குவானஹானி. அவர் அதை மாற்றி சான் சால்வடார் என்றார், ஆசியாவின் ஓரத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து அவர்களை இந்தியர் என்றார், அவருடைய அந்தத் தவறை 500 வருஷம் கழித்தும் 'செவ்விந்தியர்' என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் வெறும் வார்த்தை விவகாரம், இதற்குப் போய் ஒரு கடிதமா என்று யாராவது கேட்கலாம். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994-இல் ஹூட்டு இனத் தீவிரவாதிகள் நூறு நாட்களில் துட்சி இனத்தவரை லட்சக்கணக்கில் கொன்றார்கள். அதற்கு முன்பே ஒரு வானொலியும் ஒரு பத்திரிகையும் துட்சி மக்களைக் 'கரப்பான்பூச்சி' என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரரை வெட்டக் கை வராது, கரப்பானை அடிக்க யாரும் யோசிப்பதில்லை. ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் 2003-இல் அந்த வானொலியைத் தொடங்கிய இருவரோடு அந்தப் பத்திரிகை ஆசிரியரையும் சேர்த்துத்தான் தண்டித்தது. அந்த வானொலியும் பத்திரிகையும் பரப்பிய சொற்கள்தான் வழக்கின் மையம்.

சொல்லை மாற்றியதால் நன்மை நடந்ததும் உண்டு. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிக்கொண்டிருந்தபோது 'ஆண்கள்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் முதலில் இருந்தது. இந்தியாவிலிருந்து போயிருந்த ஹன்சா மேத்தா அதை ஏற்கவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பெண்களை வெளியே நிறுத்த நாடுகள் தயங்காது என்று அவருக்குத் தெரியும். 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட பிரகடனத்தின் முதல் பிரிவு 'மனிதப் பிறவியினர் எல்லோரும்' என்ற பொருளில்தான் தொடங்குகிறது. நமக்கு இந்தச் சிரமமே இல்லை, 'மனிதர்' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. இருந்தும் 'மனிதன் நெருப்பைக் கண்டறிந்தான்', 'மனிதன் வேளாண்மை செய்தான்' என்றே எழுதுகிறோம். என் மகள் படிக்கிற ஆதிகால வரலாற்றில் ஒரு பெண் கூட இல்லை.

அப்புறம், நீங்கள் தினமும் போடும் தலைப்பு ஒன்று: 'கட்டடம் இடிந்து 4 பேர் பலி'. பலி என்பது ஒருவர் கொடுப்பது. கம்பியையும் சிமெண்டையும் குறைத்தவர் யார் என்று செய்தியின் கடைசிப் பத்தியிலாவது தேடுகிறேன், பல நாள் இருப்பதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். வரும் ஞாயிறு அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். 'அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு கொடுத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை' என்று போட்டால் போதும், இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. மகள் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வரலாற்று நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். திருத்தம் வந்தால் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்