டிலே பெடல் இரைச்சல்: சிப்பைக் கழற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோம்பி (கோயில் திருவிழா) காலம் வந்தால் மெல்லிசைக் குழுக்களின் கிட்டார்காரர்கள், கிட்டார் ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் தரும் அனலாக் டிலே பெடலைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரே இரைச்சல், சிப்பை மாத்திக் குடுங்க" என்கிறார்கள். கெட்டிருப்பது சிப்பாக இருப்பது அபூர்வம்.

1969-ல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான 'பக்கெட் பிரிகேட்' முறைதான் இந்தப் பெடலுக்கு அடிப்படை. தீப்பிடித்த இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, சிப்புக்குள் ஒரு கபாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் அடுத்ததற்குப் போகிறது. இப்படிக் கைமாறத் தாளம் போட்டுக் கொடுக்கும் மின்துடிப்புதான் 'கிளாக்'. எம்என்3005 என்ற சிப்பில் இப்படி 4096 கட்டங்கள். கைமாறும்போது கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் இரைச்சலும் சேரும். ஆகவே எதிரொலியோடு கூடவே வந்து அதோடு அடங்கும் மெல்லிய 'உஸ்' இதன் பிறவிக் குணம். அதுவும் ஆகாது என்பவர் டிஜிட்டல் டிலே வாங்கிக்கொள்ளலாம்.

மற்ற சத்தங்களைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும். கிட்டாரைக் கழற்றாமல் அதன் வால்யூமைப் பூஜ்ஜியமாக்கி, ரிப்பீட்டை (எதிரொலி எத்தனை முறை திரும்ப வரும் என்பதற்கான குமிழ்) குறைத்து, மிக்ஸை (எதிரொலியின் அளவுக்கான குமிழ்) முழுதாக ஏற்றி, டிலே நேரக் குமிழை மெல்லத் திருப்புங்கள். கீச்சொலியின் சுருதி கூடவே ஏறி இறங்கினால் அது கிளாக் சத்தம். குமிழ் எங்கே நின்றாலும் மாறாமல் உறுமினால் கோளாறு கரண்டிலோ எர்த்திலோ இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி போட வசதியுள்ள பெடலில் அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரி போட்டதும் உறுமல் நின்றால், அடாப்டர்தான் குற்றவாளி.

கிளாக் கணக்கு எளிது. கட்டங்களின் எண்ணிக்கையைக் கிளாக் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் டிலே நேரம் வரும். 4096 கட்டத்தில் 100 மில்லி செகண்டுக்குக் கிளாக் சுமார் 20,500 ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாது. 300 மில்லி செகண்டுக்கோ சுமார் 6,800 ஹெர்ட்ஸ், நன்றாகவே கேட்கும். அதை அடக்கத்தான் உள்ளே ஃபில்டர் இருக்கிறது. இன்னும் நீண்ட டிலே வேண்டும் என்று கிளாக் டிரிம்பாட்டை (போர்டில் திருப்புளியால் திருகிச் சரிசெய்யும் சின்னக் குமிழ்) திருகியவர்களின் பெடல் கீச்சிடுவதற்குக் காரணம், கிளாக்கின் வேகம், ஃபில்டர் தடுக்காமல் விடும் எல்லைக்குள் இறங்கிவிடுவதுதான். சில போர்டுகளில் சிப்பின் இரண்டு அவுட்புட்டையும் சமன் செய்யத் தனி டிரிம்பாட் உண்டு. பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, டிலே நேரத்தை உச்சத்தில் வைத்து, கீச்சு மிகவும் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்திலிருக்கும் பயாஸ் டிரிம்பாட்டை (சிப்பின் உள்ளீட்டு வோல்டேஜ் நிலையை அமைப்பது) அதுவென்று நினைத்துத் திருகினால் எதிரொலி கரகரக்கும், இல்லை அடியோடு மறைந்துவிடும். அனலாக் கோரஸ் பெடலும் (இதிலும் இதே வகைச் சிப்பும் கிளாக்கும் உண்டு) டிலேயும் ஒரே அடாப்டரில் சங்கிலியாக மாட்டியிருந்தால் இரண்டு கிளாக்கும் மோதி மூன்றாவதாக ஒரு ஊளை பிறக்கும். அதற்குத் தனித்தனியாகப் பிரித்த அவுட்புட் உள்ள பவர் சப்ளைதான் மருந்து.

'உஸ்' அளவுக்கு மீறினால் முதலில் பெடல் வரிசையைப் பாருங்கள். ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் டிலே இருந்தால் அதன் இரைச்சலையும் டிஸ்டார்ஷன் பெருக்கிக் கொடுக்கும். டிலே பின்னால் வரட்டும். ரிப்பீட் குமிழை ஏற்ற ஏற்ற இரைச்சலும் சுற்றிச் சுற்றி வந்து பருக்கும்.

உறுமலுக்குக் கைவைத்தியம் ஒன்று: பெடலுக்குள் 9 வோல்ட் நுழையும் இடத்தில் தொடராக 10 ஓம் ரெசிஸ்டர், அதைத் தாண்டி எர்த்துக்கு 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கபாசிட்டர். பெடல் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.2 வோல்ட்தான், 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். பழைய பெடலில் காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர்களையும் அப்போதே மாற்றிவிடலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் சிப். எம்என்3005 இருந்த இடத்தில் எம்என்3205-ஐ அப்படியே செருகக் கூடாது. இரண்டுக்கும் சப்ளையின் போலாரிட்டி நேர்மாறு, வோல்டேஜும் வேறு. பழைய எம்என்3005 என்ற பெயரில் எழுத்தை அழித்து மறுபடி அச்சடித்த போலிகளும் விற்கிறார்கள்.

நோம்பிக் கமிட்டியாருக்கும் மேடை ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சீரியல் செட், டிம்மர் எல்லாம் ஒரு ஃபேஸிலும், ஒலிக் கருவிகள் மொத்தமும் வேறொரு ஃபேஸிலும் இருக்கட்டும். மேடைக் கருவிகளுக்கு ஒரே போர்டிலிருந்து ஒரே எர்த் கொடுங்கள். ஜெனரேட்டர் வைத்தால் அதற்கும் முறையான எர்த் வேண்டும். உறுமலை நிறுத்த ஆம்பின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆம்பில் லீக் இருந்தால் கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும் நொடியில் ஆளையே அடித்துவிடும். தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

இப்படிக்கு,
மின்னிசைக் கருவி பழுதுநீக்குவோர்,
ஈரோடு