இணையப் போக்குவரத்துக் கட்டணமும் கொரிய ஒளிபரப்பாளர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளை நேரலையில் ஒளிபரப்பும் ட்விட்ச் தளம் 2024 பிப்ரவரி 27 அன்று தென்கொரியாவில் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. ஸ்டார்கிராஃப்ட் போன்ற கணினி விளையாட்டுப் போட்டிகளுக்கென்றே தொலைக்காட்சி அலைவரிசை நடத்திய நாடு அது. பார்க்க ஆளில்லாமல் அங்கே கடையைக் கட்டவில்லை. தன் ஒளிபரப்பைக் கொண்டுசெல்லும் இணையச் சேவை நிறுவனங்களுக்குப் பெரும்பாலான பிற நாடுகளைவிடப் பத்து மடங்கு கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது என்பதே அந்நிறுவனம் சொன்ன காரணம். செலவைக் குறைக்க 2022 செப்டம்பரிலேயே படத்தின் தரத்தை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கியிருந்தார்கள். திரையின் ஓரத்தில் வரைபடமும் தோட்டாக் கணக்கும் பொடி எழுத்தில் ஓடும் விளையாட்டுகளில் இது உடனே கண்ணை உறுத்தும். அவ்வாண்டின் இறுதியில் பழைய ஒளிபரப்புகளைப் பார்க்கும் வசதியும் கொரியர்களுக்கு இல்லாமற்போயிற்று.

சந்தாவையும் ரசிகர்கள் அனுப்பும் சிறு தொகைகளையும் நம்பி வாழ்ந்த ஒளிபரப்பாளர்கள், நேவர், ஆஃப்ரீகாடிவி போன்ற உள்நாட்டுத் தளங்களுக்குக் குடிபெயர்ந்து பார்வையாளர்களை மீண்டும் திரட்ட வேண்டியதாயிற்று.

பெரும் இணைய நிறுவனங்கள் இத்தகைய கட்டணம் செலுத்த வேண்டுமென்று நம் நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமும் கோரியுள்ளது. கட்டமைப்புக்கு முதலீடு செய்தவர்கள் கேட்பது நியாயம்போலத் தோன்றலாம். ஆனால் அந்த டேட்டாவுக்குத்தான் நாம் மாதந்தோறும் ரீசார்ஜ் செய்கிறோமே! இக்கோரிக்கையைப் பரிசீலிக்கும் முன் கொரிய அனுபவத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விரிவாக ஆராய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை