கூரைக்குள் அடிக்கும் வெயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. ஆனாலும் வெயிலைப் பற்றிய பேச்செல்லாம் சாலையிலும் வயலிலும் நிற்பவர்களோடு முடிந்துவிடுகிறது. கூரைக்குக் கீழே இருப்பவர் தப்பித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். திருப்பூரில் சிமெண்ட் ஷீட் போட்ட சிறு பனியன் கம்பெனி ஒன்றின் அயர்ன் மேசையருகே, மே மாதப் பிற்பகலில் சிறிது நேரம் நின்றால் அந்த எண்ணம் மாறிவிடும். மேலே ஷீட் காய்கிறது, கீழே நீராவி அடிக்கிறது. துணி பறக்குமென்று மின்விசிறியையும் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

நூற்பாலைகளில் இழை அறுந்துவிடாமலிருக்கக் காற்றின் ஈரப்பதத்தை வேண்டுமென்றே கூட்டுகிறார்கள். நூலுக்கு உகந்த அந்த ஈரம் வியர்வையை உலரவிடாததால், வெப்பமானி காட்டும் அளவைவிட அதிகமாகவே உடல் சூட்டை உணர்கிறது.

இந்திய ஆலைகளின் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்டு வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் உற்பத்தி ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவதாகக் கண்டது. பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்இடி விளக்குகளுக்கு மாறியபோது, விளக்குச் சூடு தணிந்ததால் வெயில் நாட்களில் தையல் வேலை மேம்பட்டதை இன்னோர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. சூட்டைத் தணிப்பதன் இலாபம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நம் ஊர்க் கம்பெனிகள் அவசரம் காட்டாததற்கு, முடித்துத் தரும் துணிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி தரும் பீஸ் ரேட் முறையே பெரிய காரணம் என்பது என் கருத்து. டெய்லரின் கை தளர்ந்தால் குறைவது அவருடைய சனிக்கிழமைக் கூலிதான். அந்த நட்டத்தில் பெரும்பங்கு கம்பெனிக் கணக்கில் ஏறுவதில்லை. கூலி குறையக் கூடாதென்று அவர் தண்ணீர் குடிக்க எழுவதைக்கூடத் தள்ளிப்போடுகிறார். கழிப்பறைக்குப் போகும் நேரத்துக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருவதில் வியப்பில்லை.

சுவரும் கூரையும் வெப்பத்தை இயன்றவரை குறைக்கும்படி அமைய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவே சொன்னது. பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் சிறு ஜாப் ஒர்க் கூடங்கள் பலவும் இத்தகைய சட்ட வரம்புக்குள் வருவதே இல்லை என்பது தனிக் கதை.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பிற்பகலில், காற்றின் சூட்டை மட்டும் காட்டும் உலர்குமிழ் வெப்பநிலை, ஈரப்பதத்தின் தாக்கத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை இரண்டையும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஷீட்டுக்கு மேல் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சிறு கம்பெனிகளுக்கு அரசு மானியம் தரலாம். ஏப்ரல், மே மாதங்களில் பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கும் கூலியோடு கூடிய பிற்பகல் ஓய்வைக் கட்டாயமாக்கித் தொழிலாளர் துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்