முதலில் அந்தப் பெண்ணின் காலைப் பார்

பாப்பாவுக்கு,

உன் பள்ளியில் நீ ஓட்டப் பயிற்சி கொடுக்கிற பெண் மாநிலப் போட்டிக்குப் போகிறாள் என்று தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மாவட்டப் போட்டி முடிந்ததிலிருந்து நீதான் போனை எடுப்பதில்லை. அம்மாவிடமாவது இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

நீ அனுப்பிய 1500 மீட்டர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசிச் சுற்றில் அவள் வலது காலை ஊன்றும்போதெல்லாம் இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. ஓடி முடித்ததும் கை நேராகக் கணைக்காலுக்குத்தான் போகிறது. உன் கண்ணில் அது படாமல் இருந்திருக்காது.

அவளை உட்காரவைத்து, கணைக்கால் எலும்பை மேலிருந்து கீழே விரலால் அழுத்திக்கொண்டே வா. நீளத்துக்கும் வலித்தால் ஓய்வில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே இடத்தில், நாணய அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அப்படி இருந்தால், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் ஓடவிடாதே, முதல் இரண்டு மூன்று வாரம் அந்தக் கீறல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு டாக்டரிடம் காட்டு. கட்டுப் போட்டு, ஸ்ப்ரே அடித்து இறக்கிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆண் வாத்தியார்கள் கேட்கத் தயங்குவதை நீ கேட்கலாம், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று. நின்றுபோயிருந்தால் ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்று சந்தேகப்படு, எலும்பும் அதில்தான் பலமிழக்கும். காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் வருகிறாளா? அவித்த கடலையாவது கொடுத்துவிட்டு ஓடச் சொல். வெயிலில் காய்ந்து இறுகிக் கிடக்கிற உங்கள் மைதானத்தில் சுற்றுகளையும் குறை. உடற்கல்விக்கென்றே பி.பி.எட். படித்தவளுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன், முதலில் காலைப் பார்.

தலைமையாசிரியர் மெடல் கேட்பார். சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்குமே என்று அவள் வீட்டில் கேட்பார்கள், அவர்கள் கஷ்டத்துக்கு அது நியாயம்தான். ஆனால் நிறுத்து என்று சொல்ல அங்கே உன்னைத் தவிர யாரும் கிடையாது. வலிக்கிறதா என்று கேட்டால் அவள் இல்லை மிஸ் என்றுதான் சொல்வாள், உன் மேல் இருக்கிற பிரியத்தில். குறுவட்டப் போட்டியில் செருப்பில்லாமல் நின்ற பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவள் நீ, அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. பயிற்சியாளர் நம்பியார் சார் கண்ணூரில் ஓட்டக்காரி பி.டி. உஷாவைச் சிறுமியாகத் தேர்ந்தெடுத்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸுக்கு வர எத்தனை வருஷம் ஆனது பார். ஒன்பதாவது படிக்கிறவளுக்கு இந்த ஒரு சீசன் போனால் என்ன?

போட்டியிலிருந்து அவள் பெயரை நீக்க வேண்டி வந்தால் நீக்கிவிடு. அவள் வீட்டுக்கு நீயே நேரில் போய்ச் சொல், போனில் வேண்டாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், நான் பஸ் ஏறி வருகிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் அன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா