கிளைகளை விட்டுவைத்தவர்களுக்கு நன்றி

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு, தாணிப்பாறை பக்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் ஓடைக்கரை மருத மரத்தில் ஒரு புதுக் கூடு பார்த்தேன். சாம்பல் நிற அணிலின் கூடு. மருதும் பக்கத்துப் புளியும் கிளை கோத்திருக்கும் இடத்தில், இலையும் சுள்ளியுமாக உருண்டையாக இருந்தது. என்னைக் கண்டதும் அணில் கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்துக்கொண்டது. நரைத்த வால் மட்டும் கீழே தொங்கியது. அப்புறம் ஒரே தாவல், புளிய மரத்துக்கு.

இந்த அணில் முடிந்தவரை தரையில் இறங்காது. கிளைதான் அதற்குப் பாதை. நடுவில் ஒரு மரம் போனாலும் இறங்கி ஓட வேண்டும், நாய்கள் விட்டுவைக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988-இல் இந்த அணிலுக்காகவே சரணாலயமானது. 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் இருக்கிறது. ஆனால் அடிவாரத்தில் காடு முடியும் இடத்தில் அணிலின் பாதை முடிவதில்லை. அது நம் தோப்புகளுக்குள்ளும் வருகிறது.

அதனால் முதல் நன்றி மாந்தோப்புக்கார ஐயாவுக்கு. லாரிக்கு இடிக்கிறதென்று வண்டிப்பாதைக் கிளைகளை வெட்ட ஆள் சொல்லியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நிறுத்திவிட்டு, இந்த வருடம் மாங்காயை டிராக்டரில் வைத்து மேற்கு வாசல் வழியாக ஏற்றினார். கூடுதல் கூலி அவர் கையிலிருந்துதான் போனது. ஐயா, நீங்கள் விட்ட கிளை வழியாகத்தான் அது இன்றும் போகிறது.

மாசி, பங்குனியில் தீத்தடுப்புக் கோடு வெட்டி, புகை தெரிந்தால் நடுராத்திரியிலும் பச்சைக் குழையோடு மலையேறிய வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர்களோடு வந்த பளியர் பழங்குடி அண்ணன்தான் எனக்குக் கூடு பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ஒரே அணில் பல கூடு கட்டும். பச்சை இலை செருகியிருந்தால்தான் அதில் குடியிருக்கிறது என்று அர்த்தமாம்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியவர்களிடம் பிளாஸ்டிக் பைகளை வாங்கிவைத்த கல்லூரி மாணவர்களுக்கும் நன்றி.

ஓடைக்குத் தெற்கே இன்னும் ஓர் இடைவெளி இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு நாம் நட்ட மருதும் நாவலும் இப்போதுதான் இடுப்பளவு வந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் லீவு என்றும் பாராமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளே, இந்தக் கோடைக்கும் வந்துவிடுங்கள். குடம் வாங்கி வைத்திருக்கிறேன்.