அந்த 41 எதில் 41?

மதுரை
9.11.2025

அன்பு சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் சரசுவுக்கு இன்னும் வருத்தம்தான். முழங்கால் வலி, பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது அவளால்.

"மத்திய அரசு வசூலில் 41 சதவீதம் மாநிலங்களுக்குத்தானே வருகிறது, அப்புறம் என்னய்யா புலம்பல்?" என்று கேட்டிருந்தாய். அந்த 41 எதில் 41 என்பதில்தான் விவகாரமே. 2000இல் வந்த அரசியல் சட்டத்தின் 80ஆவது திருத்தம் மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு என்றது. செஸ்ஸையும் (குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் வரி) சர்சார்ஜையும் (வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி) மட்டும் வெளியே விட்டுவிட்டது.

நீ வண்டிக்குப் போடும் பெட்ரோலையே எடுத்துக்கொள். 2025 ஏப்ரலில் ஏற்றியபின் லிட்டருக்கு மத்தியக் கலால் வரி 21 ரூபாய் 90 காசு ஆனது. அதில் சிறப்புக் கூடுதல் கலால் (இதுவும் ஒரு சர்சார்ஜ்தான்) 13 ரூபாய், சாலை செஸ் 5, விவசாய செஸ் இரண்டரை. இவை மூன்றும் பங்குக்கு வராது. மிச்சம் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு. அதில் 41 சதவீதம் என்றால் 57 காசு, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. மாநிலங்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் 15ஆவது நிதிக்குழு அதில் தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். கால்குலேட்டரில் போட்டுப் பார், இரண்டரைக் காசுகூடத் தேறாது!

நம் மாநில அரசும் சும்மா இல்லை. 13 சதவீத வாட் எனும் விற்பனை வரி, அதற்குமேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. அதனால் பெட்ரோலில் நமக்கு ஒன்றுமே வருவதில்லை என்று நான் சொல்லமாட்டேன், மேடையில் பேசுகிறவர்கள் சொல்லட்டும். ஆனால் அது சட்டசபையில் கேள்வி கேட்கக்கூடிய வரி. செஸ் அப்படியில்லை. 2015இல் மாநிலப் பங்கை 32இலிருந்து 42 ஆக்கினார்கள் (41 ஆனது பின்னால்தான்), பெரிதாகப் பேசப்பட்டது. மத்திய மொத்த வரி வசூலில் செஸ், சர்சார்ஜின் அளவோ பத்தாண்டில் ஏறத்தாழ 10 சதவீதத்திலிருந்து 20ஐத் தொட்டது. வாத்தியார் சம்பளமும் ஜி.எச். மருந்தும் மாநிலத்தின் தலையில். வளர்கிற வரியோ பங்குக்கு வெளியே. அந்தப் பணத்தில் சாலை போடுகிறார்கள், மறுக்கவில்லை. எந்தச் சாலை என்பதை டெல்லி முடிவு செய்கிறது.

உன் பையனின் ஃபார்ம் 16ஐ, சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்றிதழை, வாங்கிப் பார். வருமான வரிக்குக் கீழே உடல்நலம், கல்வி செஸ் 4 சதவீதம் என்று தனியாக இருக்கும். அதிலும் நமக்குப் பங்கு கிடையாது.

பொங்கலுக்கு வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பாதே.

அன்புடன்,
முருகேசன்