நைட் ஹால்ட்

வத்தலக்குண்டு
கார்த்திகை 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு, குறையவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய லிஸ்ட்டைப் பார்த்தேன். மூன்று நாளில் கொடைக்கானலில் பதினான்கு இடம். இருபத்திரண்டு வருஷம் அந்த மலை பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதியவன் நான், எனக்கே மூச்சு வாங்கியது. அதுவும் அரைப் பரீட்சை லீவில் வருகிறாய். கிறிஸ்துமஸுக்கும் நியூ இயருக்கும் நடுவில் கொடை ஏரியைச் சுற்றிக் காரை நகர்த்த முடியாது. பேத்தி தூண்பாறையைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைத்தான் அதிக நேரம் பார்ப்பாள். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வாரத்தில் மூன்று ராத்திரி நான் வீட்டில் இருக்க மாட்டேன். அப்பா எங்கே என்று நீ கேட்டால் "நைட் ஹால்ட்" என்பாள் உங்கம்மா. கடைசி டிரிப் போன பஸ் அங்கேயே தங்கி, விடிந்ததும் முதல் டிரிப்பாகக் கீழே இறங்கும். அவ்வளவுதான் விஷயம். நீயோ அதை ஓர் ஊர்ப் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாய். ஒண்ணாங்கிளாஸ் டீச்சரிடம் "எங்கப்பா நைட் ஹால்ட்டுக்குப் போயிருக்காங்க" என்று சொன்னாயாம். அந்த ஊருக்குத்தான் இப்போது உங்களைக் கூப்பிடுகிறேன்.

முதல் ராத்திரி தாண்டிக்குடி. வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறுகிற ரோட்டில் வாருங்கள். கொடை ரோட்டைவிடக் குறுகல், வளைவுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம் கூடவே வரும். சில்வர் ஓக், கல்யாண முருங்கை, அதன்மேல் மிளகுக் கொடி, அதற்கடியில் காப்பிச் செடி. நீங்கள் வரும்போது பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். சாயங்காலம் பெண்கள் மூட்டையோடு ரோட்டோரம் எடைபோட நிற்பார்கள். களத்தில் காப்பிக் கொட்டை காய்கிற இடத்தைத் தாண்டும்போது புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம் வரும். கள்ளுக்கடை வாசம் மாதிரி இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தனை காப்பி விளைகிற ஊரில் கடையில் டீதான் நன்றாக இருக்கும். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வழியில் புல்லாவெளி அருவி இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் குடகனாறாக இறங்கி ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகிறது. தூரத்தில் நின்று பாருங்கள், போதும். பாறை வழுக்கும். செல்பி எடுக்கப் போய் விழுந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளையிடம் இதை நீதான் சொல்ல வேண்டும்.

தாண்டிக்குடி நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தாராம், அதனால் இந்தப் பெயர் என்பார்கள். மேலே பாலமுருகன் கோயில் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கல்திட்டைகள் உண்டு. நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் இறந்தவர்களுக்காக வைத்தது. எனக்கு அது தெரியாமல், எவனோ தோட்டக்காரன் மழைக்கு ஒதுங்கக் கட்டியது என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்து பீடி குடித்திருக்கிறேன். பேத்தியிடம் பீடியைச் சொல்லாதே.

இந்த ஊர் எனக்கு மனசில் நிற்பது மலைவாழையால். நான் டூட்டியில் சேர்ந்த புதிதில் முதல் டிரிப் முழுக்கத் தார்தான். பஸ் மேலே தார், பின் சீட்டில் தார், ஏறுகிற ஆளைவிட லக்கேஜ் டிக்கெட் அதிகம் கிழிப்பேன். விருப்பாச்சி வாழை, சிறுமலை வாழை என்று இரண்டு ஜாதி. 2008இல் இரண்டுக்கும் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணின் சரக்கு என்கிற அரசு முத்திரை, கிடைத்தது. தோல் கறுத்துப் போய்ப் பார்க்கவே பாவமாக இருக்கும், உள்ளே சதை கெட்டியாக இருக்கும், தண்ணீர் கம்மி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இதைத்தான் தேடுவார்கள். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாகப் போனது. அசுவினிப் பூச்சி பரப்புகிற நோய் அது. வந்த மரம் குலை தள்ளாது, வெட்டித்தான் போட வேண்டும். வாழை போன இடமெல்லாம் காப்பியும் மிளகும் ஏறின. இப்போதும் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். நாலு நாள் வைத்திருந்து கறுத்த பிறகு சாப்பிடுங்கள். மஞ்சளாக இருக்கும்போதே தின்றுவிட்டு "என்னப்பா, சுமாரா இருக்கு" என்று சொல்லாதே.

ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி பஸ்ஸும் வந்து நின்றுவிட்டால் அப்புறம் ஊரே வேறு மாதிரி. டீக்கடைக்காரர் பாய்லரை அணைக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். நானும் டிரைவர் அண்ணனும் பஸ்ஸிலேயே படுப்போம், அவர் முன்னால், நான் கடைசி நீள சீட்டில். ஒரு நாள் விடியக் காலை நாலரை மணி இருக்கும், எழுந்து பின்னால் போனேன். பனிமூட்டம், கை நீட்டினால் கை தெரியவில்லை. பஸ்ஸை ஒட்டி ஒரு பாறை. நேற்று ராத்திரி இங்கே பாறை இல்லையே என்று யோசிப்பதற்குள் அது பெருமூச்சு விட்டது. காட்டுமாடு. மூச்சின் சூடு என் சட்டையில் பட்டது. நான் அசையவில்லை. அது கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, நான் லாயக்கில்லை என்று தெரிந்ததுபோல் தோட்டத்துக்குள் இறங்கிப் போனது. அதற்கப்புறம் அந்த ஊரில் ராத்திரி வெளியே போனால் டார்ச் இல்லாமல் போனதில்லை. நீங்களும் எடுத்து வாருங்கள். தோட்டக்காரர்கள் சிலர் வீட்டிலேயே அறை விடுகிறார்கள், நான் சொல்லி வைக்கிறேன்.

மறுநாள் பண்ணைக்காடு, ஊத்து வழியாகக் கொடை ரோட்டைப் பிடிக்கலாம். பண்ணைக்காட்டில் சௌசௌ பந்தல் பார்க்கலாம், பரோட்டா சாப்பிடலாம், அவ்வளவுதான். கொடைக்கானலைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நல்ல ஊர்தான். ஆனால் லீவு நாளில் அதற்கே மூச்சு முட்டுகிறது. பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறுங்கள், பேத்திக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுங்கள், கிளம்புங்கள்.

காரிலேயே வருவோம் என்று மாப்பிள்ளை சொன்னால், 2024 மே 7ஆம் தேதியிலிருந்து கொடைக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஹைகோர்ட் உத்தரவு. நீலகிரிக்கும் அப்படித்தான். பஸ்ஸில் வந்தால் அது வேண்டாம். பஸ்காரன் பஸ்ஸைத்தான் சொல்வான் என்று நீ சிரிப்பது தெரிகிறது.

கொடையிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் போனால் பூம்பாறை. ரோட்டிலிருந்து பார்த்தால் கீழே படிப்படியாக வயல், நடுவில் ஊர். எல்லாரும் அங்கே வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். ஊருக்குள் இறங்குங்கள். குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போங்கள். அருணகிரிநாதரைக் காப்பாற்ற முருகன் குழந்தையாக வந்த இடம் என்று சொல்வார்கள். அப்புறம் யார் வீட்டிலாவது பூண்டு தொங்குவதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கத்தை கத்தையாகக் கட்டிக் கூரையில் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படும்படி வைத்திருப்பார்கள். அப்போதுதான் கெடாமல் இருக்கும். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் குறியீடு வந்துவிட்டது. எனக்கு அது முன்னாடியே தெரியும். வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றிவந்த நாளில் சட்டையை உங்கம்மா தனியாகத்தான் துவைப்பாள்.

இரண்டாவது ராத்திரி மன்னவனூர். புல்வெளி, ஏரி, ஏரியில் பரிசல். மத்திய அரசின் செம்மறியாட்டுப் பண்ணை ஒன்று இருக்கிறது, முயலும் வளர்க்கிறார்கள். பேத்தியை அங்கே விட்டால் வர மாட்டாள். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. மார்கழி, தையில் விடியக் காலை அங்கே புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். உறைபனி. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பஸ் கண்ணாடியும் அப்படியே வெள்ளை பூத்திருக்கும். புது டிரைவர் ஒருத்தர் வெந்நீரை ஊற்றப் போக, எங்கள் அண்ணன் ஓடிப்போய்த் தடுத்தார், விரிசல் விடும் என்று. பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மலைக்குமேல் வெயில் வந்துவிடும். ஏழு மணிக்குள் அத்தனை வெள்ளையும் போய், வெறும் ஈரப் புல்தான் மிஞ்சும். ஒன்பது மணிக்குக் கொடையிலிருந்து கார்கள் வரும்போது அப்படி ஒன்று நடந்த தடயமே இருக்காது.

இதையெல்லாம் நான் பார்த்தேன், உங்களைக் கூட்டிப்போய்க் காட்டியதில்லை. லீவு கிடைத்தால் வீட்டில் தூங்கினேன். உங்கம்மாவும் இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தாண்டிக்குடியைப் பார்த்ததே இல்லை. நேற்று இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முட்டி வலியோடு நான் எங்கே வர என்றாள். இன்று காலை பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். ஆக, ஐந்து டிக்கெட்.

எந்தத் தேதி என்று மட்டும் சீக்கிரம் சொல். அறைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு: பேத்திக்கு வளைவில் வாந்தி வரும் என்றால் எலுமிச்சம்பழம் ஒன்று கையில் கொடு. முன் சீட்டில் உட்கார வை, பின் சீட் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்குப் பிளாஸ்டிக் பாட்டில் வாங்காதே, மேலே விட மாட்டார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்து வா.